பதினொன்று நாற்பத்திரண்டு

சடையன் மேட்டுப் பாதையில் ஓடி மறைந்து கால் மணி நேரம்கூட ஆகியிருக்காது. பக்கத்துத் தோட்டத்துக் காவல்காரன் அவன். செல்போனுக்குச் சிக்னல் கிடைக்கிற பாறை வரை ஓடி, ஊர் நர்ஸுக்கும் ஜீப்புக்கும் சொல்லி, அந்த ஜீப் நெல்லிவரை மலைப்பாதை வளைவுகளையெல்லாம் சுற்றிக்கொண்டு வந்து சேர எப்படியும் ஒரு மணி நேரம் பிடிக்கும் என்று பெரியவர் ரத்தினம் சொல்லியிருந்தார். அந்த ஒரு மணி நேரத்தை வைத்துக்கொண்டு என்ன செய்வது என்று தெரியாமல் திரவியம் அடுப்படிப் படியில் உட்கார்ந்திருந்தான். மடியில் கேமரா. உள்ளே, ரத்தினம் தன் கையால் இழைத்த கட்டிலில், அவர் மனைவி மனோன்மணி நெஞ்சைப் பிடித்துக்கொண்டு படுத்திருந்தார். வாயு என்று மனோன்மணி அம்மாளே சொன்னார். வாயுதான் என்று ரத்தினமும் சொன்னார். வாயுவாத்தான் இருக்கும் என்று திரவியமும் சொன்னான், சொன்ன வாய் இன்னும் கசந்துகொண்டிருந்தது. எப்போதிருந்து வலிக்கிறது என்று பெரியவர் கேட்டதற்கு, "இப்பத்தாங்க, சாப்பாடு ஆனப்புறம்" என்று பதில் வந்தது. இப்போது இல்லை என்பது இந்த மலையில் இரண்டு பேருக்குத்தான் தெரியும். ஒருத்தர் படுத்திருக்கிறவர். இன்னொருத்தன் இவன். பதினொன்று நாற்பத்திரண்டு. சந்தேகமே இல்லை, படத்தின் ஓரத்தில் கேமரா நேரத்தைக் குறித்து வைத்திருக்கிறது. மனுசன் மறக்கலாம், கேமராவுக்கு மறதி கிடையாது என்று கல்யாண வீடுகளில் இவனே எத்தனை தடவை பெருமையடித்திருப்பான். இப்போது மணி ஒன்று ஐம்பது.

திரவியம் திண்டுக்கல்காரன், கல்யாண ஆல்பம் போட்டுப் பிழைக்கிறவன். மண்டபத்துச் சமையல்காரர்கள் வரைக்கும் அவனை ஒன்மோர் திரவியம் என்றுதான் சொல்வார்கள். மாப்பிள்ளை தாலி கட்டி முடித்து அட்சதையும் விழுந்த பிறகு, "சார், ஒன்மோர், கையை மட்டும் கழுத்துகிட்ட அப்படியே வையுங்க" என்று ஐயரையே காக்க வைத்த ஆள். சென்னைப் பத்திரிகை ஒன்று அவன் படங்களைப் பார்த்துவிட்டு, ரத்தினம் தம்பதியைப் படம் எடுக்கிற இந்த வேலையைக் கொடுத்தபோது, தனக்கும் நல்ல காலம் பிறந்துவிட்டது என்றுதான் நினைத்தான். ரத்தினம் சென்னையில் ஓவியம் சொல்லிக்கொடுத்த வாத்தியார். முப்பத்தொரு வருடத்துக்கு முன்னால் வேலையை உதறிவிட்டு, நெசவு தெரிந்த மனைவியோடு இந்தச் சரிவை வாங்கிக் குடியேறினார். சுவர் அவர்கள் குழைத்த மண். தட்டும் குவளையும் அவர்கள் சுட்டவை. கட்டில், கதவு, கதவின் தாழ்ப்பாள், குளிக்கிற சோப்பு, உடுத்துகிற துணி, துணிக்கு ஏற்றுகிற அவுரி நீலம், எல்லாமே கைவேலை. "கடையில வாங்குறது உப்பும் தீப்பெட்டியும்தான் தம்பி" என்று முதல் நாள் ரத்தினம் சொன்னபோது திரவியத்துக்குப் பொறாமையாக இருந்தது. பிளாஸ்டிக்கே இல்லாத வீடு என்று நோட்டில் எழுதிக்கூட வைத்தான். இப்போது அந்த வீட்டில் எங்கேயாவது ஒரு மாத்திரை அட்டை, மூலையில் தூசி படிந்து கிடந்தால்கூடப் போதும் என்று அவன் கண் அலைந்தது. அலமாரியில் சுக்கு இருந்தது. ஓமம் இருந்தது. மண் ஜாடியில் தேன் இருந்தது. பூண்டை நசுக்கிப் பாலில் போட்டு ரத்தினம் அடுப்பை ஊதிக்கொண்டிருந்தார், ஊதுகிற ஊதில் சாம்பல் பறந்து அவர் புருவத்தில் ஒட்டியிருந்தது. இவ்வளவையும் செய்யத் தெரிந்த மனுசருக்கு இந்த ஒன்றுக்கு மட்டும் கையில் எதுவும் இல்லையே என்று நினைத்தபோது திரவியத்துக்கு அழுகை முட்டியது. அழவும் செய்யலாம்தான், அழுதால் எதற்கு அழுகிறாய் என்று கேட்பார்கள்.

நாற்பத்திரண்டு படிகள். அவையும் ரத்தினம் செதுக்கியவைதான். கீழே மண்பாதையை ஒட்டி ஓடையோரம் சாயத் தொட்டி, மேலே துணி காயப்போடும் கொடி. எட்டு கஜம் பருத்தி, நனைந்தால் ஒரு குடம் தண்ணீர் கனம் கனக்கும். அதைத் தோளில் போட்டுக்கொண்டு மனோன்மணி அம்மாள் படியேறி வர வேண்டும், நீலம் சொட்டச் சொட்ட, பின்னால் பள்ளத்தாக்கு. இதுதான் காலையில் எடுக்க நினைத்த படம். முதல் தடவை ஏறியபோது வெயில் முகத்தில் அடித்துக் கண் சுருங்கிவிட்டது. இரண்டாவது தடவை துணி சுருண்டுவிட்டது, "இடது தோள்ல போடு மணி, மடிப்பு விழணும்" என்று ரத்தினமே மேலே இருந்து கத்தினார். ஆமாம், அவர்தான் கத்தினார், நான் இல்லை. இந்த இடத்தில் திரவியத்தின் மனசு கொஞ்ச நேரம் இளைப்பாறியது. இரண்டாவது தடவைக்கு அவர் பொறுப்பு. மூன்றாவது தடவை மேகம் வந்து மறைத்தது, அதற்கு மேகம் பொறுப்பு. நாலாவது தடவை? மூன்றாவது முடிந்து மேலே வந்து, தூணைப் பிடித்துக்கொண்டு, "போதுமா தம்பி?" என்றார் மனோன்மணி. எழுபத்தோரு வயசு. மூச்சு வாங்கியது. போதும்மா என்று சொல்ல ஒரு நொடி ஆகுமா? அந்த நொடியில் மேகம் விலகியது. "சூப்பரா இருக்கும்மா, ஒரே ஒரு ஒன்மோர்" என்றான். மேகம் விலகாமல் இருந்திருந்தால். அதுவும் இல்லை, அவர் 'போதுமா' என்று கேட்காமல் 'முடியல' என்று சொல்லியிருந்தால். முடியவில்லை என்று சொல்லவில்லையே. சிரித்துக்கொண்டுதானே இறங்கிப்போனார். ஒவ்வொரு படியாக, சுவரைத் தொட்டுத் தொட்டு. சுவரைத் தொட்டதை இவன் பார்த்தான். பார்த்து, அந்தக் கை சுவரில் வைத்த நீலத் தடத்தையும் ஒரு படம் எடுத்துக்கொண்டான்.

நாலாவது தடவை பாதிக்கு மேல் ஏறிவிட்டார். ஒரு படியில் நின்றார். வலது கை துணிக்கு அடியில் போய் நெஞ்சை அழுத்தியது. தாடை இறுகியது. முகம் மேல்நோக்கித் திரும்பியது, வெளிச்சம் அப்படியே கழுத்தில் இறங்கியது. காலையிலிருந்து கேமராவுக்காகப் பிடித்து வைத்திருந்த முகம் அந்த நொடியில் கைநழுவி விழுந்துவிட்டது. மிச்சம் இருந்தது வலி மட்டும். லென்ஸ் வழியாகப் பார்க்கிறவனுக்கு ஒரு முழம் தூரத்தில் தெரிந்தது அது. தெரிந்ததா? தெரிந்தது. களைப்பு என்று நினைத்தேன் என்று யாரிடம் வேண்டுமானாலும் சொல்லலாம், கேட்கிறவர்கள் நம்புவார்கள், தன்னிடம் சொல்லிப் பார்த்தால்தான் எடுபடவில்லை. தெரிந்தது, விரல் அழுத்தியது. ஐந்து படம். பிறகு அவர் கண்ணைத் திறந்தார், கேமராவைப் பார்த்தார், பழைய முகத்தை எடுத்து மாட்டிக்கொண்டு ஏறி வந்துவிட்டார். வந்தவர் உட்காரவில்லை. துணியை உதறிக் காயப்போட்டார். சாமைச் சோறு வடித்தார், மொச்சைக் குழம்பு வைத்தார். இலையில் பரிமாறும்போது கரண்டி ஒரு தடவை விளிம்பில் தட்டியது. "நீங்களும் உக்காருங்கம்மா" என்றதற்கு, "பசிக்கல, நீ சாப்பிடு" என்றார். திரவியம் சாப்பிட்டான். இரண்டாம் தடவையும் குழம்பு வாங்கிச் சாப்பிட்டான். படம் எடுத்ததுகூடத் தொழில் என்று போகட்டும், கேட்டு வாங்கிச் சாப்பிட்டதற்கு என்ன பெயர்?

கஸ்தூரி இங்கே இருந்தால் சொல்லியிருப்பாள். அவன் மனைவி. மகள் அஞ்சு வயசில் சைக்கிளிலிருந்து விழுந்தபோது, விழுகிற அந்த நொடி, பின்சக்கரம் மண்ணை விட்டு எழும்பியிருக்க, பிள்ளையின் வாய் திறந்திருக்க, ஒரு படம் எடுத்திருக்கிறான். ஓடிப்போய்ப் பிடிக்கிற தூரம்தான். ஸ்டூடியோ சங்கத்துப் போட்டியில் பரிசு வாங்கிய படம். கூடத்தில் மாட்டினான். மறுநாள் பார்த்தால் படம் சுவரைப் பார்த்துத் திரும்பியிருந்தது. இவன் நேராக்கினான், அவள் திருப்பினாள், ஒரு வாரம் இப்படியே போய்க் கடைசியில் இவன்தான் விட்டான். "நான் இழுத்துக்கிட்டுக் கிடந்தாலும் நீங்க வெளிச்சம்தான் பாப்பீங்க" என்றாள் ஒரு நாள், கோபத்தில்கூட இல்லை, கீரை ஆய்ந்துகொண்டே. அன்றைக்கு அதற்குச் சண்டை போட்டான். இப்போது கேமராவைத் திருப்பி, படியில் எடுத்த அந்தப் படத்தைத் திறந்தான். சின்னத் திரையில் அந்தக் கழுத்து. பெரிதாக்கினான். நெற்றியில் வியர்வை ஒவ்வொரு முத்தாகத் தெரிந்தது. இப்படி ஒரு படம் தன் வாழ்நாளில் வந்ததில்லை, இனி வரப்போவதும் இல்லை. பத்திரிகை அட்டையில் போடுவார்கள் என்று ஒரு நினைப்பு, யாரும் கூப்பிடாமலேயே வந்து உள்ளே உட்கார்ந்தது. அதன் பின்னாலேயே, இந்த அம்மாள் போய்விட்டால் கட்டாயம் அட்டைதான் என்று இன்னொன்று. சீ என்று வாய்விட்டே சொன்னான். அடுப்படியிலிருந்து ரத்தினம் எட்டிப் பார்த்தார், ஒன்றுமில்லை ஐயா, எறும்பு என்றான். குப்பைத்தொட்டிப் பொத்தானில் விரல் போனது. அழித்துவிட்டால் ஐந்தும் போய்விடும், நேரமும் போய்விடும், பதினொன்று நாற்பத்திரண்டு என்று ஒன்று நடக்கவே இல்லை. அழிக்கவா என்று கேமரா கேட்டது. விரல் அங்கேயே நின்றது. எதற்காக நின்றது என்று அவனுக்கே சரியாகத் தெரியவில்லை, மனசாட்சிக்காக என்று சொல்ல ஆசைதான், படம் போய்விடுமே என்றும் இருக்கலாம்.

ரத்தினம் பால் குவளையோடு வெளியே வந்து பக்கத்தில் உட்கார்ந்தார். உட்கார்ந்தவருக்குக் குவளையை எங்கே வைப்பது என்று தெரியவில்லை. "ரெண்டு மடக்குக் குடிச்சா. கொஞ்சம் தூங்குறா. ஒண்ணும் இருக்காது" என்றார். ஒண்ணும் இருக்காதுங்க ஐயா என்றான் இவன். "அவளுக்கு ஒடம்பு இரும்பு தம்பி. கல்யாணம் ஆன புதுசுல அவள நிக்க வச்சு வரைவேன். மூணு மணி நேரம், நாலு மணி நேரம், இமை அசையாது. ஒரு தடவை தேள் கொட்டிருச்சு. கால்ல. நான் கன்னத்துல நெழல் போட்டுட்டிருக்கேன். வாயே தொறக்கல. முடிச்சுட்டுப் பிரஷ்ஷைக் கழுவப் போறேன், அப்பச் சொல்றா, ஏங்க, தேள் கொட்டிருச்சுங்கன்னு." சிரித்தார். சிரிப்பு பாதியில் இடறியது. "அப்பிடி ஒருத்தி வலிக்குதுன்னு படுத்துட்டாளேன்னுதான் எனக்குப் பயமா இருக்கு. நேத்திருந்தே இருந்திருந்தாலும் எனக்குத் தெரிஞ்சிருக்காதே. நான் பாத்துக்கிட்டேதானே இருந்தேன், மேல நின்னு. ஒனக்கு ஏதாச்சும் தோணுச்சா தம்பி? கேமராவுல கிட்டத்துல பாத்தியே." கேட்டேவிட்டார். திரவியம் "இல்லீங்கய்யா" என்றான். அவர் தலையாட்டினார். "ஒனக்கே தெரியலேன்னா அப்ப ஒண்ணும் இருந்திருக்காது" என்று சொல்லிவிட்டு எழுந்து, ஜீப் சத்தம் கேட்கிறதா என்று பார்க்கப் படிக்கட்டுப் பக்கம் போனார்.

உள்ளேயிருந்து தம்பி என்று குரல் வந்தது. தூங்கவில்லை. மனோன்மணி அம்மாள் சுவரில் சாய்ந்திருந்தார், வேர்த்திருந்தது, முழங்கை வரை அவுரி நீலம் ஏறிய கை வயிற்றின் மேல் கிடந்தது. கிட்டே வா என்று விரலை அசைத்தார். "நீ பாத்துட்டே" என்றார். "படியில. நீ பாத்தேன்னு எனக்குத் தெரியும். நானும் ஒன்னத்தானே பாத்தேன்." அம்மா, என்று ஆரம்பித்தவனைக் கையமர்த்தினார். "அவர்கிட்டச் சொல்லிராத. அம்பது வருசமா என்னைப் பாத்துப் பாத்து வரைஞ்ச மனுசன். மேல நின்னுக்கிட்டு மடிப்பு விழலேன்னு கத்துனமேன்னு செத்துப் போயிருவார். வாயு. அவ்வளவுதான். தெரிஞ்சுதா?" தெரிஞ்சுதும்மா என்றான். சொன்னதும் அவனுக்குள் என்னவோ இறங்கி லேசானது, அந்த லேசுதான் அவனைப் பயமுறுத்தியது. வெளியே வந்து படியில் உட்கார்ந்தபோது அவன் வேறு ஆளாக இருந்தான். இனி இது என் ரகசியம் இல்லை, அவர்களுடையது. நோயாளியே சொல்லாதே என்கிறார், மீறிச் சொல்வது நாகரிகமா? பெரியவர் மனசு உடைந்தால் அதற்கு யார் பொறுப்பு? கேட்டதற்கு இல்லை என்று ஏற்கெனவே சொல்லியாயிற்று, இப்போது மாற்றிச் சொன்னால் பொய்யன் என்று ஆகும். எப்படிப் பார்த்தாலும் வாயை மூடிக்கொண்டிருப்பதுதான் மரியாதை. ஆனைக்கு அர்ரம் என்றால் குதிரைக்குக் குர்ரம் என்று அவன் மனசு ஒவ்வொன்றுக்கும் ஒரு பதில் வைத்திருந்தது. பதில்கள் எல்லாமே நன்றாகத்தான் இருந்தன. அவ்வளவு பதில் எதற்கு என்ற கேள்விக்குத்தான் பதில் இல்லை. சொல்லாதே என்று அவர் கேட்கும் முன்னாலேயே நான் சொல்லவில்லையே. சாப்பிடும்போது சொல்லவில்லை. குழம்பு கேட்டபோது சொல்லவில்லை. பதினொன்று நாற்பத்திரண்டிலிருந்து ஒன்றேகால் வரைக்கும் யார் என் வாயைக் கட்டினார்கள்? திரும்பவும் அங்கேதான் வந்து நின்றான். ஜீப் சத்தம் கேட்டது.

நர்ஸ் பாண்டியம்மாள் புடவையைத் தூக்கிச் செருகிக்கொண்டு நாற்பத்திரண்டு படியையும் ஒரே மூச்சில் ஏறி வந்தார். பின்னால் சடையன். நாடி பார்த்தார், ஒரு மாத்திரையைக் கையில் கொடுத்துக் கடித்து மெல்லச் சொன்னார். விரலைத் தூக்கி வெளிச்சத்தில் பிடித்தவர் திடுக்கிட்டு, "என்னம்மா, நகமெல்லாம் நீலம் பாஞ்சு கெடக்கு?" என்றார். "அது சாயம்மா. முப்பது வருசமா அப்பிடித்தான்" என்றார் ரத்தினம். நர்ஸ் சலித்துக்கொண்டு கையைக் கீழே வைத்தார். "நகத்தப் பாத்து நான் கண்டுபுடிக்கிறதுக்கும் வழியில்லாமப் போச்சு. எப்பப் புடிச்சது வலி?" சாப்பாடு ஆனதும் என்றார் மனோன்மணி. ஒரு மணி நேரம் இருக்கும் என்றார் ரத்தினம். "ஏதாச்சும் சொமை தூக்குனீங்களா? ஏறி எறங்குனீங்களா?" "அது காலையில. அப்பல்லாம் நல்லாத்தான் இருந்தா" என்றார் ரத்தினம், திரவியத்தை ஒரு தடவை பார்த்துக்கொண்டார், சாட்சிக்கு. திரவியம் தரையைப் பார்த்தான். ரத்தினம் செய்த சாய்வு பெஞ்சில் அம்மாளை உட்கார வைத்துக் கட்டி, நாலு பேருமாகத் தூக்கினார்கள். முன்கால் ஒன்று திரவியத்தின் தோளில். கழுத்தில் கேமரா, ஒவ்வொரு படிக்கும் நெஞ்சில் வந்து இடித்தது. சுவரில் ஓரிடத்தில் நீலமாக ஐந்து விரல் தெரிந்தது, அதைக் கடக்கும்போது அவன் கண்ணை மூடிக்கொண்டான், கண்ணை மூடியதில் கால் இடறி, பெஞ்ச் ஆடி, சடையன் கெட்ட வார்த்தை சொன்னான்.

கீழே மண்பாதையில் ஜீப் நின்றது. பின்பக்கம் பெஞ்சை ஏற்றியாயிற்று. ரத்தினம் மனைவியின் காலைத் தன் மடியில் எடுத்து வைத்துக்கொண்டார். திரவியம் பின்னால் தரையிலேயே நின்றான். டிரைவர் இன்ஜினைப் போட்டுவிட்டு, "இடதா வலதா?" என்றார். இடது பக்கம் பக்கத்து ஊர்ச் சின்ன ஆஸ்பத்திரி, இருபது நிமிடம். வலது பக்கம் அடிவாரத்துப் பெரிய ஆஸ்பத்திரி, ஒன்றரை மணி நேரம். நர்ஸ் யோசித்தார். "சாப்பிட்டப்புறம் வந்த வலிங்கிறாங்க. பக்கத்துலயே காட்டுவோம். வாயுன்னா அங்கயே சரியாப் போயிரும். சொமை ஏத்தத்துல வந்திருந்தாத்தான் நான் எங்கயும் நிக்காம அடிவாரத்துக்கே எறக்கச் சொல்லுவேன். இடதுலயே போ." டிரைவர் கியரைத் தட்டினார். மனோன்மணி அம்மாளின் கண் திரவியத்தின் மேல் இருந்தது, வேண்டாம் என்று சொல்லியது. ஜீப் ஒரு முழம் நகர்ந்தது. இன்னும் ஒரு முழம் போனால் எல்லாம் முடிந்தது, அப்புறம் யாரும் எதையும் கேட்க மாட்டார்கள். "நிறுத்துங்க" என்றான். அவன் குரல்தானா என்று அவனுக்கே சந்தேகம். "பதினொன்னு நாப்பத்திரண்டு. படியேறும்போது. துணியோட. நெஞ்சப் புடிச்சுக்கிட்டு நின்னாங்க." நர்ஸ் திரும்பினார். "அவ்வளவு கரெக்டா எப்பிடிச் சொல்ற?" கழுத்திலிருந்து கேமராவைக் கழற்றினான். அவசரத்தில் வார் காதில் மாட்டிக்கொண்டது. படத்தைத் திறந்து நீட்டினான். நர்ஸ் ஒரு பார்வைதான் பார்த்தார். "பாவி, இதப் பாத்துட்டா சும்மா இருந்த?" என்றார். "வலது. நேரா அடிவாரம், எங்கயும் நிக்காத" என்று டிரைவர் முதுகில் தட்டினார். பாவி என்றது திரவியத்துக்குச் சரியாக இருந்தது. காலையிலிருந்து யாராவது சொல்ல மாட்டார்களா என்று காத்திருந்ததுபோல இருந்தது.

"எங்க, குடு" என்று கை நீட்டினார் ரத்தினம். திரவியம் கொடுத்தான், கொடுத்துவிட்டு அடி விழும் என்று நின்றான், விழட்டும் என்றுதான் நின்றான். கிழவர் கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிக்கொண்டார். வெயில் படாமல் உள்ளங்கையைக் குடையாகப் பிடித்தார். பார்த்தார். தலையை ஒரு பக்கமாகச் சாய்த்துப் பார்த்தார், கேமராவைக் கொஞ்சம் தள்ளிப் பிடித்துப் பார்த்தார், வாய் லேசாகத் திறந்தது. "இந்தக் கழுத்து நரம்பு" என்றார் மெதுவாக. "எத்தன தடவ வரைஞ்சிருப்பேன். எனக்கு ஒரு தடவகூட இப்பிடி வரலையே தம்பி. வெளிச்சம் எப்பிடி எறங்கியிருக்கு பாரு, அந்தத் தாடையில..." அதோடு நின்றுவிட்டார். கேமராவைப் பிடித்திருந்த கை அப்படியே இருக்க, தலை மட்டும் மெல்லத் திரும்பி, மடியில் கிடந்த காலையும், காலுக்கு மேலே நீலக் கையையும், கைக்கு மேலே அந்த முகத்தையும் வந்து சேர்ந்தது. "மணி" என்றார். அந்த அம்மாள் கண்ணைத் திறந்து, கணவர் கையிலிருந்த கேமராவைப் பார்த்தார், பிறகு அவர் முகத்தைப் பார்த்தார்.

"நல்லா வந்திருக்குங்களா?" என்று கேட்டார்.

ரத்தினம் கேமராவைக் கவிழ்த்து வைத்துவிட்டு, அந்த நீலக் கையை எடுத்துத் தன் கைக்குள் மூடிக்கொண்டார். ஜீப் வலது பக்கம் திரும்பிக் கீழே இறங்கத் தொடங்கியது.